கிளைவிடும் தூண் கள்ளியை வீட்டுக்குள் வளர்ப்பது: வாளையாறுக்கு இருபுறமும் உள்ள வீடுகளுக்கு

தூண் கள்ளி வீட்டுக்குள் கெட்டுப்போக முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று வெளிச்சக் குறைவு, இன்னொன்று அந்தக் குறைந்த வெளிச்சத்துக்குப் பொருந்தாத தண்ணீர். வெயிலில் நிற்கும் செடி பத்து நாளில் குடித்து முடிக்கும் தண்ணீரை, ஹால் மூலையில் நிற்கும் செடி ஒரு மாதமானாலும் குடிக்காது. குடிக்காத தண்ணீர் வேரை அழுகச் செய்யும்.

வாளையாறு போன்ற தமிழக-கேரள எல்லையோர வீடுகளில் இதோடு மழைக் கணக்கும் சேர்கிறது. கோவைப் பக்கம் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பாலக்காடு போனால் 2000 மில்லிமீட்டருக்கு மேல். ஒரே பண்ணையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு செடிகளுக்கு மதுக்கரையில் ஒரு கணக்கு, ஒலவக்கோட்டில் வேறு கணக்கு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் கேரளத்துக்குள் இருந்தாலும் மழை மறைவுப் பகுதி. அங்கே இருப்பவர்கள் கோவைக் கணக்கைப் பின்பற்றலாம்.

எந்தச் செடி

கடைகளில் ‘செரியஸ் பெருவியானஸ்’ என்று விற்கப்படுவது வீட்டுக்கு ஏற்ற முதல் தேர்வு. பெயரில் பெரு இருந்தாலும் தென் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தைச் சேர்ந்தது. 5 முதல் 8 விலா வரம்புகளோடு பச்சையாக நேரே நிமிரும். முள் அதிகம் இல்லை, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இதிலேயே கட்டிமுட்டியாக, ஒழுங்கில்லாமல் கிளைக்கும் ‘மான்ஸ்ட்ரோஸ்’ வகையும் உண்டு. அது தானாகவே கிளைவிடுவதால் வெட்ட வேண்டிய வேலை இல்லை.

நீலம் பூத்த தண்டு வேண்டுமென்றால் மெக்சிகோவின் மிர்ட்டிலோகாக்டஸ் அல்லது பிரேசிலின் பைலோசோசெரியஸ். அழகில் செரியஸை மிஞ்சும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் நீலம் மங்கிப் பச்சையாகிவிடும். முதல் செடியாக இவற்றை வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மூன்று பட்டைத் தண்டும் விளிம்பில் சிறு இலையுமாக ‘காக்டஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் யூபோர்பியா ட்ரைகோனா காக்டஸ் இனமே அல்ல. நம் வேலியோரச் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளிக்குப் பங்காளி. அடையாளம் எளிது. யூபோர்பியாவில் கீறினால் பால் வடியும். தூண் காக்டஸில் பால் வராது, முட்கள் ஒவ்வொன்றும் பஞ்சு போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கிளம்பும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக்கு ஆபத்தும் உண்டு. பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இருந்தாலும் யூபோர்பியாவுக்கு ஒரு நன்மை உண்டு. நேரடி வெயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காத வீட்டில் செரியஸ் மெலிந்துபோகும், யூபோர்பியா ட்ரைகோனா ஓரளவு தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அதுவே சரியான தேர்வு.

திருச்சூர் மண்ணுத்தியிலோ கோவைப் பக்கமோ பண்ணையில் வாங்கும்போது நுனியைவிட அடிப்பகுதியை முதலில் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தை விரலால் அழுத்தினால் கல்லாக இருக்க வேண்டும். பழுப்பாக, மரப்பட்டை மாதிரி கடினமாக இருந்தால் அது வயது, நோய் அல்ல. மெத்தென்று அமுங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ தொடாதீர்கள். தண்டின் நடுவே திடீரென்று ஒடுங்கிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிழல் வலைக்குக் கீழே நெருக்கி வைத்து வளர்த்ததன் அடையாளம் அது. ஒடுங்கிய இடம் பிறகு எவ்வளவு வெயில் கொடுத்தாலும் பருக்காது. மேலே கிளைகள் கனத்ததும் அங்கேதான் முறியும்.

வெளிச்சம்: தெற்கு ஜன்னல் கதை நமக்கு இல்லை

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் தெற்கு ஜன்னலில் வை என்கின்றன. அவை 40, 50 டிகிரி வடக்கில் இருப்பவர்களுக்கு எழுதியவை. நாம் 11 டிகிரியை ஒட்டி இருக்கிறோம். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதோடு அவ்வளவு உச்சியில் நிற்பதால் இரண்டடி சன்ஷேடே வெயிலை முழுவதும் மறைத்துவிடும். தெற்கு ஜன்னலில் நல்ல வெயில் விழுவது ஐப்பசியிலிருந்து தை, மாசி வரைதான். ஆண்டு முழுவதும் சாய்வாக உள்ளே வரும் வெயில் கிழக்கு ஜன்னலிலும் மேற்கு ஜன்னலிலும் மட்டுமே கிடைக்கும். கிழக்கில் மூன்று, நான்கு மணி நேரக் காலை வெயில் விழுமானால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்கு ஜன்னலும் சரிதான். ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை மேற்கிலிருந்துதான் சாரலடிக்கும். ஜன்னல் திறந்திருந்தால் ஒரே இரவில் தொட்டி நனைந்துவிடும்.

ஜன்னலிலிருந்து தள்ளத் தள்ள வெளிச்சம் வேகமாகக் குறையும். நம் கண் பழகிக்கொள்வதால் அது தெரிவதில்லை. கண்ணாடியிலிருந்து இரண்டடிக்குள் செடி நிற்க வேண்டும். ஆறடி தள்ளிய சோபா மூலை, பகலில் பேப்பர் படிக்க வெளிச்சமான இடமாக இருந்தாலும், செரியஸுக்கு இருட்டுதான்.

ஓட்டு வீடு உள்ளவர்களுக்கு இதில் ஒரு வசதி. ஓட்டுக்கு நடுவே நான்கைந்து கண்ணாடி ஓடுகளைச் சேர்த்துப் பதித்தால் மேலிருந்து நேரே வெயில் இறங்கும். பக்கவாட்டு ஜன்னலில் வளரும் தூண் வெளிச்சத்தை நோக்கிச் சாயும். மேலிருந்து வெளிச்சம் வாங்கும் தூண் நேராக நிமிரும், கிளைகளும் எல்லாப் பக்கமும் சமமாக எழும். ஒரே ஒரு கண்ணாடி ஓடு போதாது. அதன் வெயில் தரையில் நகர்ந்துகொண்டே போகும், செடிமேல் அரை மணி நேரம்கூட நிற்காது. நடுமுற்றம் உள்ள பழைய வீட்டில் முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் கூரை போட்டிருந்தால் அதுவே இந்தச் செடிக்கு வீட்டின் ஆகச் சிறந்த இடம். கூரை போடாத முற்றம் என்றால் மழைக்காலத்தில் ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும்.

அடுக்ககத்தில் வெயிலே இல்லையென்றால் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பேட்டன், 20 வாட் இரண்டு, செடியின் நுனியிலிருந்து ஓரடி உயரத்தில், தினமும் 12 மணி நேரம். இரவில் அணைத்துவிட வேண்டும். காக்டஸ் பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். இரவு முழுக்க விளக்கு எரிந்தால் அந்த ஒழுங்கு குலையும். இதே காரணத்தால்தான் இரவில் அடைத்துக் கிடக்கும் அறையைவிடக் காற்று நடமாடும் அறை அதற்கு நல்லது.

ஹாலில் நடுநாயகமாகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஒரே அளவில் இரண்டு செடி வளர்க்க வேண்டும். ஒன்று ஹாலில் இரண்டு வாரம், மற்றது சிட்-அவுட்டில் வெயிலில். பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஹாலில் நிற்கும் இரண்டு வாரமும் அதற்குத் தண்ணீர் வேண்டாம். வெளியே எடுத்ததும் நேராக உச்சி வெயிலில் வைக்கவும் கூடாது. முதல் வாரம் காலை ஒன்பது மணி வரை வெயில், அடுத்த வாரம் பதினொன்று வரை, அதன் பிறகு முழு வெயில். அவசரப்பட்டால் வெயில் பட்ட பக்கம் வெளுத்து, மஞ்சளாகி, தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு ஆயுளுக்கும் மறையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுபவர்கள் சிட்-அவுட் செடியைக் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துவிட்டால் இந்தப் படிப்படியான பழக்கம் தேவைப்படாது.

மண்ணும் தொட்டியும்

பண்ணைச் செடி பெரும்பாலும் கோகோபீட்டில்தான் நிற்கும். பொள்ளாச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் நார்த்தூளுக்குப் பஞ்சமில்லை, விலையும் மலிவு. பண்ணைக்காரர்களுக்கு எடை குறைவு என்ற வசதி. ஆனால் வீட்டுக்குள் கோகோபீட் இரண்டு விதத்தில் கெடுக்கும். நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். முழுதாகக் காய்ந்துவிட்டாலோ சுருங்கி, ஊற்றும் தண்ணீரை வாங்காமல் ஓரமாக வழியவிடும். சரியாகக் கழுவாத நார்த்தூளில் உப்பும் அதிகம். வாங்கி வந்ததும் அதை வேரிலிருந்து உதிர்த்துவிடுங்கள், இடவப்பாதி நேரமாக இருந்தால் மழை முடிந்த பிறகு செய்யலாம்.

பத்து அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் கலவை பிடிக்கும். பத்துப் பங்காகக் கணக்கிட்டால், கால் இஞ்ச் ஜல்லி அல்லது செங்கல் துண்டு 3 பங்கு, சலித்துக் கழுவிய பருமணல் 3 பங்கு, செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு. பாலக்காட்டுப் பக்கம் செங்கல்லுக்குப் பதில் உடைத்த வெட்டுக்கல் (செம்புரைக்கல்) போடலாம், நன்றாகக் காற்றோடும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்கினால் கட்டாயம் சலித்துக் கழுவ வேண்டும், அதிலுள்ள தூள் அடியில் இறங்கிச் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டவே வேண்டாம். கிணத்துக்கடவு, சூலூர் பக்கக் கரிசல் மண்ணைச் செம்மண்ணுக்குப் பதிலாகப் போடுவதும் தவறு, ஈரத்தை விடாது. கலவை சரியா என்று பார்க்க, நிரப்பிய தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்கி நிற்காமல் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடியில் வழிய ஆரம்பிக்க வேண்டும்.

தொட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் வடிகால் நன்றாகும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கல் அடுக்குக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும், வேருக்கு இன்னும் அருகில். துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

தொட்டி சுட்ட மண்ணாக இருக்கட்டும். மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும், கனமாகவும் இருக்கும். கனம் இங்கே முக்கியம். மூன்றடித் தூணுக்கு 10 முதல் 12 அங்குலத் தொட்டி வேண்டும். 12 அங்குலத் தொட்டி மண்ணோடு 20 கிலோவுக்கு மேல் வரும். அந்த எடைதான் ஆடிக்காற்றில் செடியைக் கவிழாமல் பிடித்து நிறுத்தும். கணவாய் வழியே வரும் காற்று ஜன்னல் திறந்த அறைக்குள்ளும் பிளாஸ்டிக் தொட்டிச் செடியைச் சாய்த்துவிடும். அழகுக்காக வெளியே துளையில்லாத பீங்கான் பாத்திரம் வைப்பவர்கள், தண்ணீர் ஊற்றும்போது செடித் தொட்டியை வெளியே எடுத்து, வடிந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். பாத்திரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒரு அங்குலத் தண்ணீர்தான் பல கள்ளிகளின் முடிவு.

தண்ணீர்

ஈரம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி ஓரமாக ஆறு அங்குலம் இறக்கி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டியோ, தொட்டால் குளிர்ந்தோ வந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் அதற்குப் பிறகும் மூன்று நாள் பொறுத்து ஊற்றலாம். ஊற்றும்போது கையளவு தெளிப்பது கூடாது. பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு லிட்டர் வரை, அடியில் வழியும் வரை ஊற்றி, அரை மணி நேரத்தில் தட்டைக் கொட்டிவிட வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேல்மண் மட்டும் ஈரமாக இருக்கும், கழுத்து (மண்ணை ஒட்டிய தண்டு) அழுகும், அடி வேர் காயும்.

ஜன்னலோரச் செடிக்கு உத்தேசக் கணக்கு இது. மாசி முதல் வைகாசி நடு வரை 10 முதல் 12 நாளுக்கு ஒருமுறை. இடவப்பாதி தொடங்கியதும் பாலக்காட்டுப் பக்கம் மாதம் ஒருமுறை, அதுவும் ஈர்க்கு காய்ந்து வந்தால் மட்டும். விடாத மழை என்றால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் ஒரு சொட்டு இல்லாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது. கோவைப் பக்கம் அதே நாட்களில் காற்று உலர்த்துவதால் 15, 20 நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகைத் துலா (வடகிழக்குப் பருவ) மழையின்போது இருபுறமும் 20, 25 நாள். மார்கழி, தையில் 15 நாள். கணக்கும் ஈர்க்கும் முரண்பட்டால் ஈர்க்கு சொல்வதைக் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயில் நாளில் தொட்டியை வெளியே எடுத்து மூன்று லிட்டர் நல்ல தண்ணீரால் மண்ணைக் கழுவிவிடலாம். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை இதற்கு ஊற்றக் கூடாது.

உரம் மாசி முதல் சித்திரை வரை மட்டும், 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவுள்ள கலப்பு உரம்) ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒருமுறை. பச்சைச் சாணம், மீன் கழிவு எதுவும் வேண்டாம்.

கிளைவிடச் செய்வது

செரியஸ் தானாகக் கிளைக்க நல்ல உயரமும் பல ஆண்டுகளும் வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாதலால் இன்னும் தள்ளிப்போகும். எனவே தலையை வெட்டித்தான் கிளைகளை வரவழைக்க வேண்டும். காலம் மாசி, பங்குனி. வெயிலும் உலர்ந்த காற்றும் சேர்ந்திருப்பதால் வெட்டு ஒரு வாரத்தில் ஆறத் தொடங்கும், முன்னால் வளரும் பருவமும் இருக்கும். மழைக்காலத்தில் வெட்டினால் ஆறுவதற்குள் பூஞ்சை இறங்கிவிடும்.

செடி குறைந்தது இரண்டடி உயரமும் கையால் சுற்றிப் பிடிக்கும் கனமும் அடைந்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்துங்கள். நீளமான மெல்லிய கத்தியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, கிளை எந்த உயரத்தில் வேண்டுமோ அங்கே ஒரே இழுப்பில், சற்றே சாய்வாக. சமமாக வெட்டினால் நடுத்தண்டு உள்வாங்கிக் குழியாகும், பிறகு அந்தச் செடி எப்போது வெளியே போனாலும் அதில் மழைநீர் தேங்கும். வெட்டிய முகத்தில் கந்தகத் தூளைத் தூவுங்கள், இல்லையென்றால் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தூவலாம். மூன்று வாரம் தண்ணீர் இல்லை. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வெட்டுக்குக் கீழே உள்ள முள் திட்டுகளில் பச்சை மொட்டுகள் புடைக்கும்.

ஐந்தாறு மொட்டு வரலாம், எல்லாவற்றையும் விட்டால் எதுவும் தேறாது. கட்டைவிரல் அளவு ஆனதும் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருகி எடுத்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் மூன்றும் அடுப்பின் மூன்று குமிழ் போலச் சம இடைவெளியில் இருக்க வேண்டும், இல்லையேல் ஒரு பக்கம் கனத்துச் செடி சாயும். இந்த நேரத்தில்தான் அதிக வெளிச்சம் தேவை. இருட்டில் பிறக்கும் கிளை விரல் தடிமனில் நீண்டு, பிறகு தன் எடையாலேயே முறியும். பத்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புவது எப்போதும் செய்ய வேண்டியது என்றாலும் இந்த மாதங்களில் மறக்கவே கூடாது.

வெட்டிய தலை இன்னொரு செடி. படுக்க வைத்துக் காயவிட்டால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், அந்த வளைவு நிமிராது. காலித் தொட்டிக்குள் நிறுத்தி நிழலில் 10 முதல் 15 நாள் காயவிடுங்கள், ஈரமான காலநிலையில் மூன்று வாரம். வெட்டு முகம் அப்பளம் போல் வறண்டதும் இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, மூங்கில் குச்சி இரண்டைக் கட்டி நிறுத்துங்கள். முதல் தண்ணீர் பத்து நாள் கழித்து. நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும், மெதுவாக அசைத்தால் ஆடாமல் நிற்பதே சான்று.

முள்ளைக் கையாளச் செய்தித்தாளை நான்காக மடித்து இடுப்புப் பட்டை மாதிரி தண்டைச் சுற்றிப் பிடிக்கலாம். பெரிய செடிக்குச் சாக்கு. கிளையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்குவது எப்போதும் தொட்டியைத்தான்.

காட்சிக்கு வைப்பது

முள் செடி வீட்டுக்குள் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதில் நடைமுறை நியாயம் இருக்கிறது. நடைவழியிலும் குழந்தைகளின் கண் உயரத்திலும் முள் இருக்கவே கூடாது. சுவரோரம், ஆள் உரசாத மூலை, சுவரிலிருந்து அரையடி தள்ளி. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் உருவமும் எடுப்பாகத் தெரியும், வெளிச்சமும் திரும்பி விழும். கிளைத்தூணைத் தனியாக வைத்தால்தான் அழகு. சுற்றிலும் மணி பிளாண்ட், பெரணி என்று அடைத்தால் அவற்றுக்கு ஊற்றும் தண்ணீர் இதற்கும் போகும். மேலே மின்விசிறி இறகுக்கு எட்டாத உயரம் இருக்கிறதா என்று பாருங்கள், ஏசி காற்று நேராகப் படவும் வேண்டாம்.

மண்ணின் மேல் அரை அங்குலம் வெட்டுக்கல் பொடிக்கல் அல்லது பழுப்புக் கூழாங்கல் பரப்பினால் கழுத்து உலர்ந்தே இருக்கும். வெள்ளை மார்பிள் சில்லு வேண்டாம், சுண்ணாம்பு கரைந்து மண்ணைக் காரமாக்கும். மண் தொட்டி தரையில் ஈரக் கறை விடுமாதலால் அடியில் மூன்று ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்துங்கள், துளைக்கும் காற்று கிடைக்கும்.

கெட்டால்

விலாக்களுக்கு இடையில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் திரும்பப் பாருங்கள். பச்சைச் செரியஸுக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, சில சொட்டு சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் என்று மாலையில் தெளிக்கலாம். நீல வகைகளுக்குத் தெளிக்கக் கூடாது, நீலமே ஒரு மெழுகுப் பூச்சுதான், எண்ணெய் பட்டால் போய்விடும். கோடையில் நுனி துருப்பிடித்த மாதிரி மங்கினால் செஞ்சிலந்தி, காற்றில்லாத மூலையில்தான் வரும். எந்தப் பூச்சியும் தெரியாமல் செடி மாதக்கணக்கில் வளராமல் நின்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரில் வெள்ளை மாவு இருந்தால் மண் முழுவதையும் கொட்டி, வேரைக் கழுவி, ஒரு வாரம் காயவிட்டுப் புது மண்ணில் நட வேண்டும்.

அடி கறுத்து மெத்தென்று ஆனால் மருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மேலே நல்ல பகுதியில் வெட்டுங்கள். வெட்டு முகத்தின் நடுவில் உள்ள வளையத்தில் ஆரஞ்சு அல்லது பழுப்புப் புள்ளி தெரிந்தால் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே வெட்டுங்கள். முழுவதும் வெள்ளையும் வெளிர்பச்சையுமாகத் தெரியும் வரை மேலே போக வேண்டும். ஒரு புள்ளி மிஞ்சினாலும் திரும்ப அழுகும். பிறகு தலையை நட்ட அதே முறை. அழுகிய மண்ணைக் கொட்டிவிடுங்கள், தொட்டியைக் கழுவி வெயிலில் ஒரு வாரம் கவிழ்த்து வைத்த பிறகே மறுபடி பயன்படுத்தலாம்.

இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாசியில் மண் மாற்றம், ஒரே ஒரு அளவு பெரிய தொட்டிக்கு. அதற்குமேல் பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். செடி கூரையை நெருங்கினால் மறுபடி வெட்டலாம். வீட்டுக்குள் செரியஸ் பூப்பது அரிது. வெட்டிய தலையை வெளியே மதிலோரம், தண்ணீர் தேங்காத மேட்டில், முழு வெயிலில் நட்டால் சில ஆண்டுகளில் பெரிய வெள்ளைப் பூக்கள் இரவில் மலரும், காலை வெயில் ஏற வாடிவிடும். நடும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகக் கூடாது. நிலத்தில் இது 15 அடியைத் தாண்டி வளரும்.